ஏழு கிலோ

ஆட்டோவிலிருந்து சூர்யா இறங்கியதும் ஒப்பாரி சட்டென்று நின்றது. ஒரு நொடிதான். பிறகு முன்னைவிட இரண்டு மடங்காக எழுந்தது. ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்த காவேரியை விட்டுவிட்டு, குப்பத்துப் பெண்கள் எல்லோரும் அவள் தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். முதுகுப் பையைக் கழற்றக்கூட அவனை விடவில்லை.

"அப்பனப் பாக்கக் கடலத் தாண்டி ஓடியாந்தியே, ராசா!" என்று பக்கத்து வீட்டுத் தேசம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

கடலைத் தாண்டித்தான் வந்தான். காவேரி அடுப்படியிலிருந்து வந்தவள். அதற்கு யார் அழுவார்கள்?

சூர்யா கோவளத்தில் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுப்பவன். சீசன் முடிந்தால் ஒற்றைப் பையோடு தேசாந்திரம் கிளம்பிவிடுவான். இந்த முறை தாய்லாந்துக்குப் போனவன், அப்பா கங்காதரனையும் வரச் சொல்லியிருந்தான். தீவு தீவாகச் சுற்றுவது என்று திட்டம். ஆயுள் முழுக்கப் பட்டினப்பாக்கத்துக் கடலில் வலை போட்ட மனுஷன், பாஸ்போர்ட் வந்த அன்று தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். காவேரியை யாரும் கூப்பிடவில்லை. அவள் வந்துவிட்டால் லூப் ரோட்டு மீன்கடையை யார் பார்ப்பது?

பை கட்டும் வேலை மட்டும் அவளுக்கு வந்தது. போன வாரம் செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, சூர்யா அங்கிருந்தே அதிகாரம் பண்ணினான்.

"அக்கா, இன்னாத்துக்கு மூணு லுங்கி? ஒண்ணு கட்டிக்கினா ஒண்ணு தோச்சிப் போட்டுக்கலாம். அந்த ஜீன்ஸ எட்த்துடு. மழைல நனைஞ்சா கல்லு மாரி கனக்கும்."

"ராத்திரில நைனாவுக்குக் கால் குத்தும்டா. தைலம் வெச்சிருக்கேன்."

"தைலம் இங்கயே கெடைக்கும். நெத்திலி, போர்வ எல்லாம் வெளிய வை. ஏழு கிலோவுக்கு மேல பிளேன்ல கையோட எடுத்தாற முடியாது."

"அவன் சொன்னா சரியா இருக்கும். எட்த்துடும்மா" என்றார் அப்பா. காவேரி பார்த்துப் பார்த்து வைத்ததை எல்லாம் அவரே ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அவளோடு இருக்கும்போது அந்தச் சிரிப்பு எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது.

பையை மீன் நிறுக்கும் தராசில் மாட்டியபோது காவேரி அடியில் கைகொடுப்பதுபோல் லேசாகக் கீழே இழுத்தாள். எட்டரை காட்டியது.

"அக்கா, கைய எடு" என்று திரைக்குள் சூர்யா சிரித்தான். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம், சோற்றுத் தட்டின் முன்னால் அப்பா சரிந்தார். காவேரி மீன் கழுவிய கையோடு ஓடிவந்து அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். தேசம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண வெளியே ஓடினாள். அப்பா கையால் துழாவி காவேரியின் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"சூர்யா... வந்துட்டியா?"

அவள் விரலெல்லாம் செதில். சூர்யாவின் கையில் என்றைக்குச் செதில் ஒட்டியிருக்கிறது? ஆனாலும் அவர் கண் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டேன் நைனா" என்றாள் காவேரி.

அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வந்தபோது தூக்கிப் போக ஒன்றுமில்லை.

"வேட்டி எங்கடா?" என்று பெரியப்பா சுப்புராயன் இப்போது சூர்யாவை அதட்டினார்.

"இல்ல பெரிப்பா. ரெண்டு டிராயர், ரெண்டு டீசர்ட்டுதான் கீது."

"கொள்ளி வெக்கிறவன் டிராயரோடயா வருவ? காவேரி, உங்கப்பன் வேட்டி ஒண்ணு எடும்மா."

அதையும் அவளே எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. போன பொங்கலுக்கு அவள் வாங்கியது. அப்பா ஒருமுறைதான் கட்டினார். மொட்டைத் தலையும் அந்த வேட்டியுமாகச் சூர்யா நின்றபோது, அப்படியே அப்பன் ஜாடை என்று எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். காவேரிக்கு வயிறு எரிந்தது. அப்பா செத்த வீட்டில் இப்படியும் ஒருத்திக்கு எரியுமா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் எரிந்தது.

மேளம் முன்னால் போக, தெருமுனையில் பெண்களை நிறுத்திவிட்டார்கள். மாத்திரை கொடுக்கவும் காலுக்குத் தைலம் தேய்க்கவும் அவள் வேண்டும். சுடுகாட்டுக்கு அவன் போதும். பாடை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீடு கழுவ வந்தாள்.

பொழுது சாயும் நேரம் ஆண்கள் திரும்பினார்கள். சூர்யா கடைசியாக வந்தான். வாசலில் வைத்திருந்த குடத்திலிருந்து சொம்பில் மொண்டு, காவேரி அவன் காலில் ஊற்றினாள்.

"அக்கா."

"இன்னா?"

"நைனா கடைசியா எதுனா சொன்னாரா?"

"கால நல்லாத் தேய். மண்ணு கீது பாரு."

"சொல்லுக்கா. பிளேன்ல அதத்தான் நெனச்சிக்கினு வந்தேன். யாரயாச்சும் கூப்ட்டாரா?"

அவன் கண் வீங்கியிருந்தது. மொட்டைத் தலையில் பிளேடு கீறி, காதோரம் ரத்தம் காய்ந்திருந்தது. சொல்லிவிடலாம். அவனுடையதுதான் அது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"என்னத்தான் கூப்ட்டாரு" என்றாள். "காவேரின்னு."

சூர்யா மெல்லத் தலையாட்டினான்.

"குடுத்து வெச்சவக்கா நீ" என்று சொல்லிவிட்டு, மற்றக் காலை நீட்டினான்.

காவேரி சொம்பை மறுபடியும் குடத்தில் முக்கினாள்.