காலை மாத்திரை

பித்தப்பை வீங்கி வலியில் புரண்டுகொண்டிருந்த ஹோசியத்திடம் எதையும் கேட்க முடியவில்லை. மயக்க மருத்துவர் ஷரோஃபத் அறுவை அரங்கிலிருந்து வெளியே வந்து, நோயாளிக்கு இரத்த அழுத்தம் உண்டா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று வீட்டாரைக் கேட்டார்.

"எங்கம்மாவா? கல்லு மாதிரி இருப்பாங்க டாக்டர். மாத்திரைய கண்ணால பாத்ததில்ல," என்றான் மூத்த மகன் ஒதில்.

அவன் நமங்கன் நகரில் தனிக்குடித்தனம் இருந்தான். அவன் வரும் நாட்களில் அம்மா மாத்திரை அட்டையை ஒளித்துவைத்துவிடுவாள். கூடவே இருந்து பார்த்துக்கொள்பவள் இளைய மருமகள் ஸெபோ. அவள் கணவன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். அன்று காலை வலி தொடங்கும் முன் அழுத்த மாத்திரையைக் கொடுத்தவளும் அவள்தான். ஆனால் கணவனின் அண்ணன் பேசும் இடத்தில் இளைய மருமகள் வாய் திறப்பதில்லை. கல்யாணமான வாரத்திலேயே ஒதில் அதை அவளுக்கு நினைவூட்டியிருந்தான்.

தலை குனிந்து அவனுக்குத் தேநீர் ஊற்றினாள், பாதிக் கிண்ணம். அந்த ஊர் வழக்கத்தில் மதிப்புக்குரியவருக்குப் பாதிதான் ஊற்றுவார்கள். நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

உள்ளே, மயக்கம் கொடுத்ததும் அழுத்தம் இறங்கியது. கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான். ஆனால் உப்புநீர் ஏற்றியும், ஊசிமேல் ஊசி போட்டும் அது ஏறவே இல்லை. செவிலி ஓடிவந்து, காலையில் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று மறுபடி கேட்டாள்.

"ஒரு தடவ சொன்னா புரியாதா உங்களுக்கு? ஒண்ணும் இல்ல," என்றான் ஒதில்.

மூடப்போன கதவை ஸெபோ கையால் பிடித்தாள்.

"பிரஷர் மாத்திரை. நான்தான் குடுத்தேன்." மாத்திரையின் பெயரையும் சொன்னாள்.

மருந்தை மாற்றியதும் அழுத்தம் ஏறியது. அதற்குள் மூளைக்குப் போதிய இரத்தம் போகாமல் நேரம் கடந்திருந்தது. கண் விழித்த ஹோசியத்துக்கு வலது கை எழவில்லை, பேச்சு குழறியது. அந்த மாத்திரை உடம்பில் இருந்தால் வழக்கமான ஊசி பிடிக்காமல் போகலாம், முன்பே தெரிந்திருந்தால் தயாராக இருந்திருப்பேன் என்றார் ஷரோஃபத்.

ஒதில், வந்திருந்த உறவினர்கள் எல்லோரும் கேட்க, ஸெபோவின் பக்கம் திரும்பினான்.

"வாய் எதுக்கு இருக்கு உனக்கு? டாக்டர் கேட்டப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அவன் காலிக் கிண்ணத்தை நீட்டினான். ஸெபோ வாங்கி, விளிம்புவரை நிறைத்துக் கொடுத்தாள்.