பூஜ்யமாவது நாள்

செவலைப் பசுவைக் காலையிலேயே கழுவிக் கொட்டகைக் கம்பத்தில் கட்டிவிட்டாள் பால்காரி. அது சாணி போடப் போட அள்ளினாள். மூன்றாவது தடவையும் தரையைக் கழுவிவிட்டுச் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன கருக்காரர் பன்னிரண்டாகியும் வரவில்லை.

"பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக்கூட யாரும் இப்படித் தொடச்சு வைக்க மாட்டாங்க" என்றாள் நாத்தனார். வாசல் பக்கம் உட்கார்ந்து புல்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "வர்றவர் பாக்கப்போற எடம் வேற."

"சும்மா இருங்க அண்ணி. எனக்கு வயித்தைக் கலக்குது."

"உனக்கு எதுக்குக் கலக்கணும்? கலக்க வேண்டிய வயிறு அங்க நின்னு அசை போடுது."

கருக்காரர் என்பது தெரு வைத்த பெயர். அவருக்குப் பெரிய பண்ணையில் வேலை. அங்கே ஒரு வேளைக்கு இருபது லிட்டர் கறக்கிற உசத்தி மாடுகளின் கருவை எடுத்து, மெல்லிய குழாயில் உறைய வைத்துக் கேனில் கொண்டுவருவார். இவளைப் போன்றவர்களின் சாதாரண மாட்டுக் கருப்பையில் வைப்பார். மாடு இவளுடையது, தீனி இவளுடையது. பெண் கன்றாய்க் கிடேரி பிறந்தால் பண்ணையே வாங்கிக்கொள்ளும். அந்த விலை, செவலை இரண்டு வருஷம் கறக்கிற பாலுக்குச் சமம். கரு தங்காவிட்டால் நஷ்டம் பண்ணைக்கு. மறுபடி ஒரு கரு இலவசம். மாட்டுக்காரர் பிழையால் தங்காமல் போனால் மட்டும் கருவின் விலை மாட்டுக்காரர் தலையில். நாலு மாசப் பால் காசு அது.

பண்ணையின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அவளும் வீட்டுக்காரரும் மூன்று நாள் இதையே பேசினார்கள். வழக்கமான சினை ஊசி என்றால் பாதிக்குமேல் தங்கும். பிறக்கிற கன்று என்ன விலைக்குப் போகும் என்பதும் தெரிந்ததுதான். இதில் பத்தில் நாலு தங்கினாலே அதிகம் என்று கருக்காரரே சொல்லியிருந்தார். அவர் மறைக்கவில்லை. "தங்கலேன்னா நமக்கென்ன போச்சு? ரெண்டு மாசம் மாடு காலியா நிக்கும், அவ்வளவுதானே" என்றார் வீட்டுக்காரர். அவர் செங்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவர். இடுப்பு இன்னும் இரண்டு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம். மாட்டுக்காரர் பிழை என்ற வரியை இருவருமே படித்தார்கள். பதினைந்து வருஷமாக மாட்டோடு புழங்குகிறவளுக்கு அதில் என்ன பிழை வந்துவிடப் போகிறது என்று தாண்டிப் போனார்கள்.

கரு வைத்து இன்றோடு முப்பது நாள். காலியான மாடு இருபத்தோரு நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்துவிடும். முந்தைய பருவத்திலிருந்து எண்ணி வந்த அந்தக் கெடு நாளன்று அவள் இரண்டு மணிக்கொரு தரம் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தாள். செவலை கத்தவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு பசு கறுப்பியின்மேல் தாவவில்லை. அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் முதல் தடவையாக, "கிடேரியா இருந்தா கூரையை மாத்திடலாம்" என்றார்.

பைக் சத்தம் கேட்டது. கருக்காரர் இறங்கி, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கையுறையைத் தோள்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். முகத்தில் இரண்டு நாள் தாடி. ஸ்கேன் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். பால்காரி வாலைப் பிடித்து ஒதுக்கி நின்றாள். பெட்டியின் திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ நெளிந்தது. அதில் அவளுக்கு ஒன்றும் புரியாது. அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தார்.

"காலி" என்றார்.

வாலை அவள் விடவில்லை. "இன்னொரு தடவை பாருங்க."

"பாத்துட்டேன்மா."

கையைக் கழுவிவிட்டு வந்து பைக் சீட்டின்மேல் ஒரு படிவத்தை விரித்தார். "பருவத்துக்கு வந்தது என்னிக்கு?"

அவள் உள்ளே ஓடிக் காலண்டரையே கழற்றிக் கொண்டுவந்தாள். "திங்கக்கிழமை காலையில. வட்டம் போட்டு வச்சிருக்கேன் பாருங்க."

"எனக்குப் போன் பண்ணினது?"

"ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும். ஏழாம் நாள் கரு வைக்கணும், அன்னிக்குக் கூப்பிடுங்கன்னு சொன்னீங்க. கூப்பிட்டேன்."

அவர் விரல்விட்டு எண்ணினார். "செவ்வா ஒண்ணு, புதன் ரெண்டு, வியாழன் மூணு, வெள்ளி நாலு, சனி அஞ்சு, ஞாயிறு ஆறு. ஒரு நாள் முன்னாடியே கூப்பிட்டுட்டீங்க."

"திங்கக்கிழமையை விட்டுட்டீங்களே."

"திங்கள் பூஜ்யம்."

"என்னது?"

"பருவம் கண்ட அன்னிக்குப் பூஜ்யமாவது நாள். மறுநாள்தான் ஒண்ணு. இதுல அப்படித்தான் எண்ணணும்."

நாத்தனார் புல்லைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். "பூஜ்யமாவது நாளா? எந்தக் காலண்டர்ல இருக்கு அது? இருந்தா ஒண்ணு வாங்கிட்டு வாங்க, மாட்டி வைக்கிறோம்."

"இருங்க அண்ணி" என்றாள் பால்காரி. "ஐயா, எங்க வீட்டுக்காரர் திங்கக்கிழமை லோடு ஏத்தப் போனா, சனிக்கிழமை ஆறு நாள் கூலி வாங்குவார். திங்கள் பூஜ்யம்னு மேஸ்திரி சொன்னா விட்டுட்டு வருவாரா? எண்ணுறதுன்னா அப்படித்தானே எண்ணுவோம்?"

"கூலிக்கு வேற, கருவுக்கு வேற."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருப்பேன்."

"சொல்லல."

"பேப்பர்ல இருக்கும்மா. நாலாம் பக்கம்."

அவள் காலண்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "சரி, நான் எண்ணினது தப்பாவே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்து நீங்க கையை விட்டுப் பாத்துட்டு என்ன சொன்னீங்க? எல்லாம் நல்லா இருக்கு, இப்பவே வச்சிடலாம்னு சொன்னீங்களா இல்லையா?"

அவர் பேனாவைத் திறந்து மூடினார்.

"இன்னொண்ணும் கேக்குறேன். நாள் தப்பினதால தங்கலேன்னா, இருபத்தோராம் நாளே மாடு கத்தியிருக்கணுமே. கத்தலையே. அப்போ கரு பிடிச்சிருக்கு. அதுக்கப்புறம்தான் ஏதோ ஆகிக் கலைஞ்சிருக்கு. இதுல என் நாள் எங்க வந்தது?"

செவலை முதுகைச் சிலிர்த்து ஈயை விரட்டியது.

"ஒரு நாள் முன்னே பின்னே..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "இந்த மாசம் எனக்குப் பதினோரு மாடு. இதோட ஏழு காலி. காரணம் தெரியலைன்னு எழுதினா அது என் பேர்ல விழும். நாலுக்கு மேல விழுந்தா கேனையும் வண்டியையும் பிடுங்கி வேற ஆள்கிட்ட குடுத்துடுவாங்க. எனக்கும் வீடு இருக்கும்மா" என்றார்.

"அதனால என் தலையில போடுறீங்க."

"நான் போடல. நாள் போடுது."

"நாளுக்கு வாய் இல்ல பாருங்க" என்றாள் நாத்தனார். "வசதியாப் போச்சு."

பால்காரி பைக்கின் அருகே போய்ப் படிவத்தைப் பார்த்தாள். "நான் சொன்னதை எழுதுங்க. இருபத்தோராம் நாள் கத்தலைன்னு எழுதுங்க. அது போதும் எனக்கு."

"எங்க எழுதுறது? நீங்களே பாருங்க."

படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. ஒன்றில் 'காரணம் தெரியவில்லை.' மற்றதில் 'மாட்டுக்காரர் பிழை.' அதற்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம், அப்புறம் கையெழுத்துக் கோடு. வெற்றிடத்தில் இரண்டு சொல் பிடிக்கும்.

"கையெழுத்துப் போடலேன்னா?"

"கறுப்பியோட பாலை எந்த வண்டிக்கு ஊத்துறீங்க?"

தெருவுக்கு வருகிற ஒரே பால் வண்டி பண்ணையுடையது.

"நாளைக்கு அது இங்க நிக்காதும்மா. மிரட்டுறதுக்குச் சொல்லல. போன வாரம் கடைசி வீட்டுல நிக்காமப் போச்சு, நீங்களே பாத்திருப்பீங்க."

பார்த்திருந்தாள். அந்த வீட்டுக்காரி இரண்டு நாள் பாலைக் குடத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றதையும் பார்த்திருந்தாள். நாத்தனார் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் புல்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

கருக்காரர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். பையைத் துழாவி ஒரு தகர மை டப்பாவையும், கைப்பிடி வைத்த ரப்பர் முத்திரை ஒன்றையும் எடுத்தார். மை காய்ந்திருந்தது. முத்திரையின் முகத்தில் வாயால் ஊதி ஈரமாக்கி, அந்த வெற்றிடத்தில் வைத்து அழுத்தினார்.

'நாள் தவறு.'

அடித்து அடித்து ரப்பர் ஒரு ஓரம் தேய்ந்திருந்தது. முதல் எழுத்தின் துணைக்கால் தாளில் விழவில்லை. அவர் பேனாவை மறுபடி எடுத்து, தாளைப் பார்க்காமலே, அந்தக் காலைச் சரியான இடத்தில் இழுத்துவிட்டு, கையெழுத்துக் கோடு அவள் பக்கம் வருமாறு படிவத்தைத் திருப்பி வைத்தார்.