மீதிப் பாதி மண்ணுக்குள்

"அக்கா, இங்க ஆணி அடிக்க முடியல லா. புல்லுக்கடியில என்னமோ வயர் ஓடுது" என்றான் கூடாரம் போட வந்தவன்.

கணவனின் தலைமாட்டிலிருந்து எழுந்து வாணி வாசலுக்கு வருவதற்குள் தம்புசாமி மாமா வந்துவிட்டார். இறந்துபோன கமலநாதனின் தாய்மாமன். பக்கத்து ஊரான மேருவில் ஒரு கோயிலுக்குத் தலைவர். சுல்தான் தரும் டத்தோ பட்டம் இன்னும் வரவில்லை. அதை வாங்கப் போகும்போது போடுவதற்குக் கோட்டு மட்டும் தைத்து வைத்திருந்தார்.

குனிந்து புல்லை விலக்கினார். செம்புக் கம்பி. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. நடுவில் நெட்டுக்குத்தாக நின்ற ஆன்டெனாவின் காலடியிலிருந்து எல்லாம் நாலாபுறமும் வேலி வரை ஓடின.

"செம்பு!" மாமாவுக்கு மேடைக்குரல் வந்துவிட்டது. "வாசல்ல செம்ப பொதைச்சிருக்கானுங்க. செய்வினை! அதான் நல்லா இருந்தவன் நேத்து இதே புல்லுல விழுந்தான்."

துக்கத்துக்கு வந்தவர்கள் நாற்காலிகளோடு பின்னுக்கு நகர்ந்தார்கள்.

"ரேடியோவுக்கு எர்த்து மாமா அது" என்றாள் வாணி.

"எர்த்துக்கு ஒரு கம்பி போதும்மா. எங்க கோயிலுக்கே ஒண்ணுதான். இவ்ளோ எதுக்கு?"

அதையே அவளும் கேட்டிருக்கிறாள். "மேல நிக்கிறது பாதி ஆன்டெனாதான் வாணி. மீதிப் பாதி மண்ணுக்குள்ள இருக்கு" என்பார் கமலநாதன். ராத்திரியெல்லாம் ரேடியோவில் முகம் தெரியாத பிரேசில்காரனிடம் மழை வெயில் விசாரிக்கிற மனிதர், அவளிடம் நீளமாகப் பேசியது அநேகமாக அவ்வளவுதான். கம்பியை மண்ணோடு அழுத்திப் பிடிக்க, அவள் சேலை மாட்டும் கம்பி ஹேங்கர்களை வெட்டிக் கொக்கி வளைப்பார். சேலைகள் அலமாரியில் குவிந்து கிடக்கும். நேற்றும் ஒரு புதுக் கம்பியை இழுத்துப் போட்டார். கொக்கி அடிக்குமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

"ஜீவன்! எல்லாத்தையும் புடுங்குடா. பொணம் எடுக்கறதுக்குள்ள வாசல் சுத்தமாவணும். செய்வினை எடுக்கற பந்திங் பூசாரிக்குப் போன் போடு."

மகன் தாயைப் பார்த்தான். மாமா காத்திருக்கவில்லை. ஒரு கம்பியைத் தாமே பற்றி இழுத்தார். வேர்விட்ட புல் விடவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு இழுப்பு. கம்பி அங்கேயே இருந்தது; தலைவர்தான் வெள்ளை வேட்டியோடு ஈரப்புல்லில் உட்கார்ந்தார். யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.

வாணி படியிறங்கினாள்.

"விடுங்க மாமா. அவரு ஒருத்தராவா இவ்வளத்தையும் போட்டாரு? ஞாயித்துக்கெழமையானா கம்பி முனைய புடிச்சிக்கிட்டு வேலி வரைக்கும் நடந்தது நான்தான். செய்வினை வெச்சவ நான்தான். போலீஸ கூப்புடுங்க."

யாரும் போனை எடுக்கவில்லை.

"ஆணி வேணாம்க்கா" என்றான் கூடாரக்காரன். "டிரம்ல தண்ணி ரொப்பி கட்டிக்கிறேன்."

மாலையில் வண்டி கிளம்பியது. ஆண்கள் பின்னால் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிடத் தொடங்கினார்கள். அறையில் கட்டில்மேல் வெறும் ஹேங்கர் ஒன்று கிடந்தது. ஜீவன் அப்பாவுக்கு உடுத்திவிட்ட வெள்ளைச் சட்டை அதுவரை அதில்தான் தொங்கியது. வாணி கம்பி வெட்டும் குறட்டைத் தேடி எடுத்து ஹேங்கரை வெட்டினாள். வளைக்கத் தெரியவில்லை, முழங்காலில் வைத்து வளைத்தாள்.

வேலியோரம், நேற்று அவர் இழுத்துப் போட்ட கடைசிக் கம்பி இன்னும் புல்லின்மேல் தளர்ந்து கிடந்தது. கொக்கியை அதன்மேல் வைத்துக் குதிகாலால் மிதித்தாள். பாதிதான் இறங்கியது.

இன்னொரு முறை மிதித்தாள்.