ராணி திறக்காத கதவு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாடக ஒத்திகைக்கு ஓசிக் காப்பி குடிக்கப் போன இடத்தில் கிடைத்த கதை இது. பழைய சோக நாடகம். கடைசிக் காட்சியில் ராஜா கதவைத் தட்டுகிறான். உள்ளே இருக்கும் ராணி திறப்பதில்லை. அவன் வாசலிலேயே விஷம் குடித்துச் சாகிறான். அவள் ஏன் திறக்கவில்லை? நாடகத்தில் பதில் இல்லை.

2

முதல் ஆரம்பம்: 'வானம் இருண்டிருந்தது, அந்த நடிகையின் மனமும்...'

(வேண்டாம். இப்படி எழுதித்தான் இத்தனை வருடம் பிழைப்பை ஓட்டினேன்.)

இரண்டாவது: ராணியாக நடிப்பவள் வாடகை அறையில் தனியாக இருக்கிறாள். போன புருஷன் போனவன்தான். அவன் ஒரு...

(அவனை விடுவோம்.) பக்கத்து அறைக் கதவை யாராவது தட்டினால், நம் கதவோ என்று அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுப்பாள்.

3

"திமிரும்மா, அவளுக்கு! முதுகைக் காட்டிக்கிட்டுப் போ" என்றார் இயக்குநர், ஒத்திகையில் அவளிடம்.

"இல்ல சார். திறந்துட்டா தட்டுறது நின்னுடுமே."

"நின்னா என்ன?"

"ஒருத்தர் தேடி வந்து தட்டுறாரு. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு இருக்கலாம்னு நினைக்கிறா. அவரு செத்துடுவாருன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"ஆராய்ச்சியை வீட்டுல வச்சுக்க. நாளைக்கு முதுகைக் காட்டலேன்னா, வேற ராணியைப் பாத்துக்கிறேன்."

(அவள் ராணியைப் பற்றித்தான் பேசினாளா? எனக்குச் சந்தேகம்.)

4

ஓர் அடிக்குறிப்பு, நடுவிலேயே: தட்டுவது ராஜா அல்ல. அவர் கையை ஓங்குவார், அவ்வளவுதான். சத்தம் மேடைக்குப் பின்னால் இருக்கும் 'கட்டை அண்ணன்' மரக்கட்டையால் எழுப்புவது. ராணி முதுகைக் காட்டினால் அவர் நிறுத்த வேண்டும். சத்தம் நின்றால்தான் ராஜா விஷம் குடிக்கலாம்.

5

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. கதவில் காதை வைத்து, கண்ணை மூடிச் சிரித்தாள். கட்டை அண்ணன் தட்டிக்கொண்டே இருந்தார். கிண்ணமும் கையுமாக ராஜா திருதிருவென்று விழித்தார்.

"நிறுத்துய்யா!" என்று திரைமறைவில் இயக்குநர் பல்லைக் கடித்தார்.

"தங்கச்சி இன்னும் திரும்பலையே சார். எப்படி நிறுத்துறது?"

சபையில் ஓர் இருமல் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

6

அவள் வேலை போயிற்று என்று முடிக்கலாம். கைதட்டல் கூரையைப் பிளந்தது என்றும் முடிக்கலாம். (பத்திரிகைக்கு அதுதான் பிடிக்கும்.) கதவைத் திறந்தாள், ராஜா பிழைத்தான் என்றுகூட...

எதை எழுதினாலும் சத்தம் நின்றுவிடும். அவள் இன்னும் காதை எடுக்கவில்லை. கட்டை அண்ணனுக்கோ கை வலி பொறுக்கவில்லை. கட்டையை உங்கள் பக்கம் நீட்டுகிறார்.

வாங்கிக்கொள்ளுங்கள்.