மூன்றாவது கையெழுத்து

புளியந்தோப்பு மார்க்கெட்டிலிருந்து திரும்பிவந்து, கன்னியம்மா வாசலில் குந்தி மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் நிமிரவில்லை. நிமிர்ந்து பார்த்துத்தான் தெரிய வேண்டுமா? விலை கூடின செருப்பு, கரை வேட்டி, பத்தடிக்கு வீசும் அத்தர். ஊர்த் தலைவர் சுப்பராயனைத் தவிர இந்தக் குப்பத்தில் வேறு யாருக்கு இந்த ஜபர்தஸ்து? நாலு வருஷத்துக்குப் பிறகு இந்த வாசலுக்கு வந்து நிற்கிறான். நிற்கட்டும். கால் கடுக்க நிற்கட்டும். ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட கூடையில் இன்னொரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தாள். கவிச்சைத் தண்ணீர் ஓடிப்போய் அவன் செருப்பை நனைத்தது. அவன் நகரவில்லை. அடேயப்பா, நகரக்கூட இல்லையே என்று அவளுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று.

"கன்னிம்மா... ஒரு வார்த்த பேசணும்."

"ஆயிரத்தி ஒண்ணு கட்டிட்டியா?"

"இன்னாது?"

"என்னாண்ட பேசுனா ஆயிரத்தி ஒரு ரூபா அபராதம். நீ போட்ட சட்டம்தானே? கட்டிட்டு ரசீதோட வா. சும்மா வந்து நின்னுகினு பேஜாரு பண்ணாத."

கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தின கதவில் முதுகைச் சாய்த்து நின்று சத்தம் வராமல் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சனியன், இந்த நேரத்தில் எதற்கு அழுகை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவன் வந்த காரியம் அவளுக்குத் தெரியும். கப்பல் அணைகிற ஜெட்டி கட்டுவதற்காக ஒரு கம்பெனி கரையை எடுத்துக்கொண்டபோது குப்பத்துக்கு நஷ்டஈடு கிடைத்தது. எண்பது வீட்டுக்கும் பிரித்தது போக, கோயிலுக்குக் கோபுரம் வைத்தது போக, நாற்பது லட்சம் மிஞ்சிற்று. மிஞ்சினதை என்ன செய்வது என்று ஊர்ப் பஞ்சாயத்து ஒன்பது நாள் கூடிக் கூடிப் பேசிற்று. ஏலச்சீட்டில் போடலாம் என்றான் ஒருவன். விசைப்படகுக்காரர்களுக்கு வட்டிக்கு விடலாம் என்றான் இன்னொருவன். பேங்கில் போடுங்கள், வருகிற வட்டி பிள்ளைகள் படிப்புக்கு ஆகட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் கன்னியம்மாவின் புருஷன் பொன்னுரங்கம். பதிவு செய்யாத பஞ்சாயத்தின் பேரில் பணம் வாங்க முடியாது என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். அதனால் தலைவர் சுப்பராயன், பொருளாளர் பாஸ்கர், பொன்னுரங்கம் என்று மூன்று பேர் பேரில் ஆறு வருஷ டெபாசிட். எடுக்கும்போது ஒருவர் கையெழுத்துப் போதுமா, மூன்று பேரும் போட வேண்டுமா என்று பேங்க் அதிகாரி ரோஸ்மேரி கேட்டாளாம். "மூணு பேரும் சேந்து போட்டாத்தான்" என்று மேஜையைத் தட்டினானாம் சுப்பராயன். கூட இருந்த இரண்டு பேர் மேலும் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை! பொன்னுரங்கம் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

வட்டி மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருதரம் தலைவர் கணக்கில் விழும், ஊர்ச் செலவுக்கு என்று ஏற்பாடு. இரண்டு வருஷம் விழுந்தது. எந்தப் பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம்கூட வரவில்லை. காலடிப்பேட்டையில் சுப்பராயனுக்கு மாடி வீடு எழும்பிற்று. பொன்னுரங்கம் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "ஊர் பணத்து வட்டி எங்க போவுது தலைவரே?" என்று கேட்டான். கேட்டது அவ்வளவுதான். தலைவரைக் கைநீட்டிப் பேசினான் என்று குடும்பத்தையே தள்ளிவைத்தார்கள். யாரும் பேசக்கூடாது, படகில் ஏற்றக்கூடாது, மீன் கொடுக்கக்கூடாது. மீறினால் அபராதம். கன்னியம்மா அயலூர் மீனை வாங்கி விற்றுத்தான் அடுப்பெரித்தாள். கடலைத் தவிர ஒன்றும் தெரியாத மனுஷன் கரையில் உட்கார்ந்தே நொந்து, ஒரே வருஷத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அன்றைக்கு எண்பது வீட்டுக் கதவும் சாத்தியிருந்தன. பாடை தூக்க ஆளில்லை. அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் கிருஷ்ணப்பன்தான் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து தோள் கொடுத்தான். அந்த நாலு பேரும் நன்றாயிருக்கட்டும். சுப்பராயன் கோயில் வாசலில் நாற்காலி போட்டுக் காலை ஆட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காலைத்தான் அவள் மறக்கவில்லை.

இப்போது டெபாசிட் முடிந்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் கிடக்கின்றன. வீட்டுக்கு ஐம்பதாயிரம் என்று ஊர் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருக்கிறது. செத்தவரின் வாரிசுகள் கையெழுத்துப் போடாமல் ஒரு பைசா நகராது என்று பேங்கில் கையை விரித்துவிட்டார்கள். வாரிசு என்றால் கன்னியம்மாவும் மகள் கீர்த்தியும்தான்.

மறுநாள் சாயங்காலம் சுப்பராயன் ரசீதோடு வந்தான். நிஜமாகவே வந்தான்! பாஸ்கர் கையெழுத்துப் போட்ட ரசீது. கன்னியம்மா அதை வாங்கிக் கீர்த்தியிடம் கொடுத்து, தெருவுக்கே கேட்கும்படி இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். எதிர்வீட்டு ஜன்னலில் மங்கம்மாவின் தலை தெரிந்தது.

"கட்டுப்பாட்ட எடுத்துர்றோம் கன்னிம்மா," என்றான் சுப்பராயன், பல்லைக் கடித்துக்கொண்டு. "வெள்ளிக்கிழமையே எடுத்துர்றோம். நீ அந்த ஃபாரத்துல..."

"எடுக்கறதுக்கு மொற இன்னா?"

"மொறன்னா... ஊர் தள்ளிவெச்ச ஆளு கோயிலாண்ட வந்து, செஞ்ச தப்ப வாயால சொல்லி, ஊர் முன்னால வுழணும்."

"அவரு போயி மூணு வருசமாவுது. எழுந்து வந்து வுழுவாரா?"

"அதுக்கு இன்னா, அவுருக்குப் பதிலா நீ வுழு."

"நான் ஏன்யா வுழணும்? நீ வுழு."

சுப்பராயனின் கழுத்து நரம்பு புடைத்தது. "யாராண்ட பேசறன்னு தெரிஞ்சிகினு பேசு!"

"தெரிஞ்சிதான்யா பேசறேன். அவரு அன்னிக்கு இன்னா கேட்டாரோ, அத அப்டியே உன் வாயால சொல்லணும். சொல்லிட்டு அவரு இடத்துல வுழு. அங்கயே கையெழுத்து போட்டுத் தரேன்."

"எங்கம்மா போட்டாதான் நானும் போடுவேன்," என்றாள் கீர்த்தி உள்ளேயிருந்து.

அவன் மண்ணை உதைத்துக்கொண்டு போனான். அடுத்த மூன்று நாளும் பணம் எங்கே என்று அவன் வீட்டு வாசலில் ஊராரின் கூச்சல். பழுதான படகு என்ஜினைத் தூக்கிவந்து, ரிப்பேருக்குக் காசு கொடு என்று அவன் படியிலேயே வைத்துவிட்டுப் போனானாம் ஒருவன். கேட்கக் கேட்க இனித்தது. மங்கம்மா மட்டும் அபராதத்துக்குப் பயந்து ஒரு வார்த்தையும் பேசாமல், அந்த ஐம்பதாயிரத்தை நம்பி அடித்த தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையைக் கன்னியம்மாவின் வாசற்படியில் வைத்துவிட்டு நின்றாள். கன்னியம்மாவுக்கு ஒரு நிமிஷம் மனசு இளகிற்று. பாவம், அந்தப் பெண் என்ன செய்தது? பிறகு அந்தச் சாத்தின கதவுகள் வரிசையாகக் கண்ணில் வந்து நின்றன. பத்திரிகையை எடுத்து உள்ளே வைத்தாள், ஆனால் வாய் திறக்கவில்லை.

"அவன் வுழுந்தா உனக்கு ஆறிடுமாம்மா?" என்று கேட்டாள் கீர்த்தி.

"தெரியல. வுழட்டும், பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை பத்து மணி வெயிலில் ஊர் முழுக்கக் கோயிலுக்கு முன்னால் கூடியிருந்தது. சுப்பராயன் வந்தான். செருப்பைக் கழற்றினான். தோள் துண்டை இடுப்பில் கட்டினான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கேக்கல," என்றாள் கன்னியம்மா.

"ஊர் பணத்து வட்டி எங்க போவுதுன்னு கேட்டேன்," என்றான்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "ஆமா, எங்க போவுது?"

சுப்பராயன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அத்தனை முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். அப்படியே நெடுஞ்சாண்கிடையாக மணலில் விழுந்தான்.

கன்னியம்மா சொன்ன சொல் மாறாதவள். பாஸ்கர் நீட்டின ஃபாரத்தை வாங்கி, கீர்த்தியின் முதுகில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். கீர்த்தியும் போட்டாள். பாஸ்கர் அதை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். ஊருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. விழுந்தவன் தானாக எழக்கூடாது. தலைவர் 'எழுந்திரு' என்று சொன்னால்தான் எழலாம். அதுதான் குப்பத்து வழக்கம். தலைவர் மணலில் கிடக்கிறார். பாஸ்கர் மேகம் பார்ப்பதுபோல முகத்தைத் தூக்கிக்கொண்டான். வயசாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒவ்வொருவராகத் திரும்பி, ஊரே கன்னியம்மாவின் வாயைப் பார்த்தது.

மணல் கொதித்தது. சுப்பராயனின் முதுகில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. கன்னியம்மா வேப்பமர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதுகைத் துடைத்து, ஓரம்வரைக்கும் நிதானமாகச் சுண்ணாம்பு தடவினாள். பாக்கு வைத்து மடித்தாள். வாயில் போட்டு, கன்னம் புடைக்க, மெல்ல ஆரம்பித்தாள்.