உள்ளிருந்து திருகும் பூட்டு

இப்போதெல்லாம் ஒரே வீட்டில் இருப்பவன் பெயர்கூட யாருக்கும் தெரிவதில்லை. ஐந்து அறை, ஐந்து வாடகைக்காரர்கள், ஒரு சமையலறை. என் வெண்ணெயைத் தின்பார்கள். முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். போன வருடம் மத்தியானம் நான் கண்ணயர்ந்தபோது எவனோ உள்ளே புகுந்து, செத்துப்போன என் மனைவியின் கைக்கடிகாரத்தை எடுத்துப் போனான். அதிலிருந்து மாடியறையில் நான் இருக்கும்போதும் கதவைப் பூட்டி, சாவியை ஒளித்துவைப்பேன்.

இங்கிலாந்தின் இந்த ஹல் ஊர் நகராட்சியிலிருந்து வீட்டைச் சோதிக்க ஆக்ஸ்டபி என்ற பெண் வந்தாள். அவள் பார்த்துச் சரி என்றால்தான் வீட்டை வாடகைக்கு விட லைசென்ஸ்.

"மிஸ்டர் பிளெங்கின், உள்ளேருந்து திறக்கவும் சாவி வேணுமா?"

"திருடனுக்கும் சேர்த்து லைசென்ஸ் குடுக்கப் போறியாம்மா?"

அவள் சிரிக்கவில்லை. "நெருப்பு பிடிச்சா சாவி தேடிட்டு இருப்பீங்களா? கையால திருகினா திறக்கிற பூட்டு மாட்டணும்."

"அதை வெளியே காந்தம் வெச்சே திருகிடுவானுங்க."

"வில்ஃப், வாயை மூடுங்க," என்றான் வீட்டுக்காரன் கார்சைட்.

மறுநாள் பூட்டு மாற்ற ஆள் வந்தான். நான் கதவைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் தீ மணி அலறியது. ரொட்டி கருகினாலே அலறுகிற மணிதானே என்று படுத்திருந்தேன். பிறகு கதவின் அடியிலிருந்து புகை வந்தது. கறுப்புப் புகை.

சாவி எங்கே வைத்தேன்? சட்டைப் பையில் இல்லை. தலையணைக்கு அடியில் இல்லை. கூரை ஜன்னல் என் தலைகூட நுழையாத அளவு. புகைக்குக் கீழே குனிந்து தரையில் தவழ்ந்தேன்.

கதவை யாரோ உதைத்தார்கள். "பெரியவரே, திறங்க!" கீழறை பஸ் டிரைவரின் குரல்.

"சாவியைக் காணோம்!"

"விளையாடுறீங்களா? படியெல்லாம் புகை!"

மறுபடி உதைத்தான். கதவு அசையவில்லை. அவ்வளவு நல்ல பூட்டு, நானே பார்த்து வாங்கியது.

தேயிலை டப்பா! டப்பாவைத் தரையில் கவிழ்த்துத் துழாவினேன். சாவி கிடைத்தது, துவாரம் கிடைக்கவில்லை. மூன்று தடவை தவறியது. கதவு திறந்ததும் அவன் என் காலரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போனான். அங்கே இருமிக்கொண்டே கேட்டேன்: "உன் பேர் என்ன?"

"லூயிஸ். மூணு வருஷமா கீழதான் இருக்கேன்."

சமையலறை மட்டும்தான் எரிந்திருந்தது. மறுநாள் கார்சைட்டே வந்து புதுப் பூட்டை மாட்டினான்.

"திருகிப் பாருங்க."

திருகினேன். இமைக்கிற நேரத்தில் திறந்தது.

"இப்பவாவது நம்புறீங்களா?"

"எனக்குத் திறக்குது, சரி. வெளியே ஒருத்தன் காந்தத்தோட நின்னா?"

"அந்தக் காந்தத்தை யார் பார்த்தா, வில்ஃப்?"

"கடிகாரம் எடுத்தவனை யார் பார்த்தா?"

புதுப் பூட்டை நம்பாமலே, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, கரி வாடை அடிக்கிற படியில் இறங்கி நடந்தேன்.