மோன்ஜியின் மீசையும் மூன்று செம்பு மீன்களும்

1

இந்தக் கதை ஓசிக் காபி குடிக்கப்போன இடத்தில் எனக்குக் கிடைத்தது. ஸ்ஃபாக்ஸ் என்ற அரபு ஊரின் துறைமுகத்துக்குப் பின்னால், கார்களுக்கு கரண்ட் வேலை பார்க்கும் மோன்ஜியின் பட்டறை. இந்த ஊரில் எனக்குப் பத்தொன்பது வருடம். அதில் பாதி அவனுடைய முக்காலியில்தான் போயிருக்கும். அங்கே உட்கார்ந்து முதல் வரியை எழுதினேன்: 'ஷத்லியின் கார் அழகு. இப்படியொரு காரை இந்த ஊரே...'

[அடித்துவிட்டேன். ஏன் என்பது கடைசியில் தெரியும். எனக்கும் கடைசியில்தான் தெரிந்தது.]

2

ஷத்லி வலை வியாபாரி. முப்பத்தெட்டு வயதில் ஒருவழியாக மாப்பிள்ளை ஆகப்போகிறான். வியாழக்கிழமை கல்யாணம். எதிர்வீட்டுப் பெண்தான் என்றாலும், ஊர்வலத்தில் தன் பழைய வெள்ளைக் காரில்தான் அழைத்துப்போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். காரோ காலையில் செல்ஃப் எடுப்பதில்லை.

முதல் தடவை மோன்ஜி பேட்டரியை மாற்றினான். அடுத்த வாரம் பெல்ட்டை இறுக்கினான். மூன்றாம் வாரமும் அது படுத்தபோது மானப் பிரச்சினையாகிவிட்டது.

"இன்னொரு தடவை இது நின்னுச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்" என்று வாசலில் ஏழு பேர் கேட்கச் சொல்லிவிட்டான்.

அது இருபத்திரண்டு வருட மீசை. எதிர்ச் சலூன்காரர் அன்றிலிருந்து அவனைப் பார்க்கும்போதெல்லாம் கத்தியைத் தீட்டுகிறார்.

3

மோன்ஜியை முதலில் மேதையாக எழுதிப்பார்த்தேன். 'இன்ஜினின் மூச்சைக் கேட்டே அவன் நோயைச் சொல்லிவிடுவான், அவன் விரல்களில்...' சுத்தப் பொய். அவனுக்கு ஒரு காது மந்தம். அவன் நம்புவது மீட்டரை மட்டும்தான்.

செவ்வாய் மத்தியானம் வண்டியை ஓடவிட்டு மீட்டர் வைத்தான். பதினாலு வோல்ட்டுக்கு மேல்; டைனமோ ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது. வண்டியை அணைத்துவிட்டு, கரண்ட் எங்காவது கசிகிறதா என்று பார்த்தான். இல்லை.

"பகல்ல யோக்கியனா இருக்கு. ராத்திரியில எங்கயோ போய்க் குடிச்சிட்டு வருது" என்றான்.

எனவே புதன் விடியற்காலையில் ஷத்லி வீட்டு வாசலுக்கே போனோம். (நான் எதற்கு என்று கேட்காதீர்கள். அங்கேயும் காபி உண்டு.) கார் பனியில் நனைந்து நின்றது. இப்போது மீட்டரில் முள் எகிறியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான், முள் அசையவில்லை. டைனமோ ஒயரைக் கழற்றியதும் சரேலென்று இறங்கியது. டைனமோவின் முதுகுக்குப் பின்னால் கையை விட்டான். ஈரமான துணிமூட்டை ஒன்று வந்தது. உள்ளே கல் உப்பு. அதில் சிறிதும் பெரிதுமாக மூன்று செம்பு மீன்கள்.*

* அடிக்குறிப்பு: பகலில் உப்பு காய்ந்து சாதுவாக இருக்கும். இரவில் கடல் ஈரம் பட்டதும், மூட்டை வழியாக டைனமோ முனையிலிருந்து காரின் உடம்புக்குக் கரண்ட் ஒழுகும். விடிவதற்குள் பேட்டரி காலி.

4

"யாரு கட்டினது இதை?"

"நாந்தான்" என்றபடி எதிர்வீட்டிலிருந்து வந்தாள் மப்ரூக்கா, பெண்ணின் அம்மா. "முதல்ல நின்னப்ப சின்ன மீன். மறுபடி நின்னுச்சு, பத்தலைன்னு அடுத்த மீன். நேத்து பெருசு."

"பெரியம்மா, முதல்ல பேட்டரி கிழடு. மாத்தினேன், சரியாப் போச்சு. அப்புறம் நின்னதெல்லாம் உங்க மீனால. உப்பு கரண்டைக் குடிக்குது."

"உப்பு குடிக்கலை. உன் கண்ணு குடிக்குது. இந்த மாதிரி டைனமோ இந்த ஊர்லயே இல்லைன்னு தட்டித் தட்டிச் சொன்னியே, கூடவே ஒரு தபாரக்கல்லா சொன்னியா? வாய் வலிச்சுதா?"

இங்கே மீனும் உப்பும் கண்ணேறுக்குக் காப்பு; எதைப் புகழ்ந்தாலும் கண்படாமலிருக்க அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மோன்ஜி சொல்லவில்லைதான். தலையைக் குனிந்துகொண்டான். பாவமாக இருந்தது.

"சரி, உள்ளே கண்ணாடியில தொங்க விடுங்க. அங்க கரண்ட் இல்லை."

"விடறேன். நாளைக்கு என் பொண்ணு ஏறி உக்காந்து வண்டி எடுக்கலைன்னா, மீசையோட புருவமும் போகும் பாத்துக்கோ."

5

இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றில் கார் கிளம்புகிறது. ஊரே ஹாரன் அடிக்க வீடு சேர்ந்து, மணமக்கள் இந்த ஊர் வழக்கப்படி ஒரு பெரிய மீனை ஏழு தடவை தாண்டுகிறார்கள். மற்றதில் மணப்பெண் பட்டுடையோடு காரைத் தள்ளுகி...

அந்த இடத்தில் மப்ரூக்கா என் நோட்டைப் பார்த்துவிட்டாள்.

"என்ன எழுதற? முதல்லேருந்து படி."

"'ஷத்லியின் கார் அழகு...'"

மோன்ஜி மெல்ல நிமிர்ந்தான். மூன்று வாரத்தில் முதல்முறையாக அவன் முகத்தில் ஒளி வந்தது.

"கூடவே தபாரக்கல்லா சொன்னியா?" என்றாள் மப்ரூக்கா.

"அடிச்சிட்டேனே, பெரியம்மா."

"கண்ணு பட்டது பட்டதுதான்."

இன்று வியாழன். பெண் காரில் ஏறிவிட்டாள். ஷத்லியின் கை சாவியில். மோன்ஜி இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். சலூன்காரர் கத்தியோடு இங்கேயே வந்துவிட்டார். மப்ரூக்காவின் உத்தரவுப்படி நான் காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். என் பேனாவில் சின்ன மீன் தொங்குகிறது. ஆகவே முடிவை என்னால் எழுத முடியாது.

நீங்கள்தான் ஆரம்பத்திலிருந்து அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு தடவையாவது தபாரக்கல்லா சொன்னீர்களா? இப்போதாவது சொல்லிவிட்டு ஷத்லிக்குக் கண்ணைக் காட்டுங்கள். மோன்ஜிக்கு இருப்பது ஒரே ஒரு மீசை.